ரொகுசான் விழுங்கியதும் குதிரை கழித்ததும்

இருபத்தொரு வருஷம் நான் பார்த்த வேலையை நாலு பேர் நடுவில் சொல்ல என் அம்மாவுக்கு வாய் வரவில்லை. "பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். பந்தயத்தில் ஜெயித்து வரும் குதிரையின் வயிற்றுக்கடியில் நீளக் கைப்பிடி போட்ட அகப்பையை நீட்டிக்கொண்டு, அது மூத்திரம் பெய்யும்வரை நிற்பதுதான் அந்த வேலை. மருந்து கொடுத்து ஓட்டினார்களா என்று கண்டுபிடிக்க அந்த மூத்திரத்தைப் புட்டியில் அடைத்து அரக்கு வைத்து அனுப்புவோம். வடக்குத் தீவான ஹொக்கைடோவின் குளிரில், விரல் விறைத்துப்போய், ஒரு டன் எடையுள்ள மிருகத்துக்கு மனசு வரட்டும் என்று விசில் அடித்துக்கொண்டு நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் என் ஆயுளில் மூன்று வருஷம் தேறும். கல்யாண வாழ்க்கையே எனக்கு அவ்வளவு தேறவில்லை.

எங்கள் பந்தயத் திடலில் ஓடுபவை பாய்ச்சல் குதிரைகள் இல்லை. இரும்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு மண்மேடு ஏறி இறங்கும் பார வண்டிக் குதிரைகள். நடுவில் நின்று மூச்சு வாங்கும். கூட்டமும் பியர் டம்ளரோடு கூடவே நடந்து வந்து, நின்று, திட்டி, மறுபடி நடக்கும். அந்தக் குதிரைகளை வளர்த்த லாயங்களில் ஒன்றில்தான் நுமாதா ரொகுசுகே குதிரைக்காரராக இருந்தார். எல்லோருக்கும் ரொகுசான். நான் அவரைப் பார்த்த காலத்தில் அறுபதைத் தொட்டிருந்தார். காது இரண்டும் பனியில் கருகிப் பழுத்த நிறத்தில் இருக்கும். பேச்சு குறைவு. பேசினால் பாதி கெட்ட வார்த்தை, மீதி குதிரையின் பெயர்.

அந்தக் குதிரை தைரிகி. பழுப்பு நிறம், பத்து வயது, ஊரில் இருந்த கெட்ட குணமெல்லாம் அதனிடம் இருந்தது. இரண்டு பேரைக் கடித்திருக்கிறது, அதில் ஒருவர் நிர்வாகக் குழு உறுப்பினர் என்பதால் எங்களுக்கெல்லாம் அதன்மேல் ஒரு பிரியம். ரொகுசானைத் தவிர யார் போனாலும் காதைப் பின்னால் மடக்கும். மாதிரி எடுக்க என்னிடம் வந்தால் மற்ற குதிரைகள் அரைமணி எடுக்கும், தைரிகி என்னை முறைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்கும். ரொகுசான் பக்கத்தில் வந்து நின்று பல்லிடுக்கில் மெல்லமாக ஒரு விசில் விட்டால் மட்டும் அரை நிமிஷத்தில் மடை திறந்துவிடும். எப்படி என்று கேட்டால், பழக்கம் என்பார்.

அவர் முதுகு போய்விட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் தீவன மூட்டை, சேணம், இரும்பு வண்டி என்று தூக்கியவருக்குப் போகாமல் என்ன செய்யும்? சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்க வலிக்கு ஒட்டும் வெள்ளைப் பட்டைகள்தான், பழைய சுவருக்குக் காகிதம் ஒட்டியதுபோல. ஊர் டாக்டர் அழற்சிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், காலை ஒன்று, இரவு ஒன்று. இதெல்லாம் அவருடைய முதலாளிக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். முதலாளி என்றால், லாயத்தை நடத்திய பயிற்சியாளர் குஷிதா. தூக்க முடியாத குதிரைக்காரருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால் ரொகுசான் எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நடப்பார். திருப்பத்தில் ஆள் மறைந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அந்த ஜனவரியில், இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தைரிகி ஜெயித்தது. ரொகுசான் வந்தார், விசில் விட்டார், அகப்பை நிறைந்தது, புட்டிக்கு அரக்கு வைத்தேன். ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. குதிரையின் மூத்திரத்தில் நாப்ராக்சன் இருக்கிறதாம். மனிதர்கள் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் விழுங்கும் மாத்திரை. சரிபார்க்க எடுத்து வைக்கும் இரண்டாவது புட்டியிலும் அதுவே.

குஷிதா லாயத்து வாசலில் நின்று கத்தியது தீவனக் கிடங்குவரை கேட்டது. ரொகுசானை அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுத முடியாது. ரொகுசான், குதிரைக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஒரே பதிலை ஏழெட்டுத் தடவை சொன்னார். விசாரணை முடியும்வரை தைரிகி ஓடக்கூடாது என்று உத்தரவாயிற்று. தீவனமும் தண்ணீரும் காவலாள் கையால், பூட்டுப் போட்ட பெட்டியிலிருந்து. ரொகுசான் லாயத்தைச் சுத்தம் செய்யலாம், குதிரையைத் தேய்த்துவிடலாம், அவ்வளவுதான்.

திடலின் கால்நடை டாக்டர் நாரஹாரா சின்ன வயசுக்காரர், எதையும் படம் போட்டுத்தான் சொல்வார். தீர்ப்புக்கு முன்னால் இன்னும் இரண்டு தடவை மாதிரி எடுக்கச் சொல்லி என்னிடம் வந்தவர், பந்தயச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வயிறு வரைந்தார். விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து குடல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்தில் அது தனியாக நீந்துவதில்லை, அங்கே இருக்கும் புரதத்தைத் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறது, எங்கே வீங்கியிருக்கிறதோ அங்கே வேலை பார்க்கிறது. சுற்றிச் சுற்றிக் கல்லீரலுக்கு வரும்போதெல்லாம், இவன் வெளியாள் என்று கண்டுபிடித்து, தண்ணீரில் சுலபமாகக் கரைகிற மாதிரி ஒரு சட்டையை மாட்டிவிடுகிறது கல்லீரல். சட்டை போட்டவனைச் சிறுநீரகம் பிடித்து வெளியே தள்ளிவிடும். நூறு பங்கு உள்ளே போனால் தொண்ணூற்றைந்து பங்கு மூத்திரத்தில்தான் வெளியே வரும் என்றார்.

"குதிரைக்கு இது வேகமாவே நடக்கும்மா. மூணு நாள், மிஞ்சினா நாலு நாள். அப்புறம் தேடினாலும் கிடைக்காது. பாருங்களேன்."

பார்த்தேன். தீவனத்துக்குப் பூட்டுப் போட்ட ஆறாவது நாள் எடுத்த மாதிரியில் மருந்து இருந்தது. பன்னிரண்டாவது நாள் எடுத்ததில் முன்னைவிட அதிகமாக இருந்தது. டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டார். குழுவுக்கோ சந்தேகமே இல்லை. தீவனத்தைப் பூட்டியும் குதிரைக்கு மருந்து போகிறதென்றால், கிழவன் திமிரெடுத்துப் போய் நம் கண்ணெதிரே கொடுக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. ரொகுசானுக்கு லைசென்ஸ் போகும், தைரிகிக்கு ஒரு வருஷத் தடை. ஒரு வருஷம் இழுக்காத பத்து வயசுக் குதிரைக்கு எங்கள் ஊரில் யாரும் தீவனம் போட மாட்டார்கள். இறைச்சிக்கூடத்து லாரி புதன்கிழமைகளில் வரும். குஷிதா அவர்களுக்குப் போன் போட்டுவிட்டார் என்று கிடங்குக்காரன் சொன்னான்.

வியாழக்கிழமை காலை நான் தைரிகியின் லாயத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்றால், ரொகுசானைத் திட்டத்தான். இத்தனை வருஷம் ஒரு புட்டியில்கூடப் பொய் கலக்காத என் கையால் அவர் குதிரைக்குக் குழி தோண்டவைத்துவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

கதவு பாதி திறந்திருந்தது. ரொகுசான் வைக்கோலுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு, கால்சட்டையை அவிழ்த்துவிட்டு, நின்றபடி மூத்திரம் பெய்துகொண்டிருந்தார். பல்லிடுக்கில் அந்த விசில். தைரிகி தலையைத் தாழ்த்தி, காதை முன்னால் நீட்டி, பாட்டுக் கச்சேரிக்கு வந்த ரசிகன்போல் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு, கால்களை அகட்டி, அதுவும் ஆரம்பித்தது. இருவரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்து, நிதானமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சின்னக் குதிரைகளைப் பழக்கப் பழைய குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான் இது என்றார். மனிதன் பெய்தால், அந்த வாடைக்கும் சத்தத்துக்கும் குட்டியும் பெய்யும். நிறைந்த வயிற்றோடு குதிரை மேடு ஏறாது. போதாக்குறைக்குக் கழிப்பறை பனியில் இருநூறு அடி தள்ளி இருந்தது. போகும் வழியிலேயே உறைந்துவிடும் என்றார், எது என்று சொல்லவில்லை.

தைரிகி குனிந்து காலடியில் கிடந்த ஈர வைக்கோலில் ஒரு வாய் எடுத்து மென்றது.

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. தொண்ணூற்றைந்து பங்கு. ரொகுசானின் வயிறு, ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் என்று கடந்து வந்த அத்தனையும் அந்த வைக்கோலில்தான் இறங்கிக்கொண்டிருந்தது, நாளுக்கு நாலைந்து தடவை. மிச்சத்தைப் பிறகு டாக்டரிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனிதனின் கல்லீரல் மாட்டிவிட்ட சட்டையைக் குதிரைக் குடலில் வாழும் கிருமிகள் உருவிப் போட்டுவிடுமாம். பழைய மருந்து பழையபடி ரத்தத்தில் ஏறி, இன்னொரு தடவை ஊர் சுற்றக் கிளம்பிவிடும். தீவனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள், பாவம். மருந்து வந்த குழாய்க்கு யார் பூட்டுப் போடுவது?

"நீங்க எத்தனை மாத்திரை போடறீங்க?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். என் முழங்காலுக்கும் அதே டாக்டர் அதே மாத்திரையைத்தான் எழுதியிருந்தார். சாப்பிட்டால் எனக்கு நெஞ்செரிச்சல். ரொகுசான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நாள், கழிவாகப் போகிற பொருள்தானே என்று என் காகிதப் பையை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு மாதாமாதம். ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் விழுங்கிய நாலில் இரண்டு என்னுடையவை. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர், லாயத்து ஆட்களில் யாருக்கும் எந்த மருந்தும் கைமாற்றக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். நான் இருந்த வீடும் திடலுடையது. மருந்து பிடிக்கிற அகப்பையும் என் கையில், மருந்து கொடுத்த கையும் என் கை.

நான் அவரிடம் மருந்தின் போக்கைச் சொன்னேன், டாக்டரின் படம் இல்லாமல். அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. முகம் முழுக்க ரத்தம் ஏறியது. விசாரணையில் இதைச் சொன்னால் தைரிகி தப்பிக்கும் என்றேன்.

"அந்த அஞ்சு கோட்டு சூட்டுக்கு முன்னாடி, நான் லாயத்துல நின்னு மோண்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"லாரி புதன்கிழமை வருது, ரொகுசான்."

அவர் குதிரையின் கழுத்தைத் தேய்த்துவிட்டார். பிறகு, ஊர் டாக்டர் நோட்டில் இரண்டு என்றுதானே இருக்கிறது, இரண்டு என்றே சொல்லிவிடுகிறேன் என்றார். மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று விசாரணையில் கேட்பார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவருக்கு முதலில் தோன்றியதே அதுதான்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் கட்டடத்து மாடியில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சிகரெட் புகை, ஆறிப்போன தேநீர். தைரிகி கடித்தவர் வலது ஓரத்தில். குஷிதா ஒரு சுவர் ஓரம், மாதிரி எடுத்தவள் என்ற முறையில் நான் எதிர்ச்சுவர் ஓரம். ரொகுசான் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அவரைவிட நிமிர்ந்து நின்றது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தொழிலில் சொல்கிற வார்த்தையிலேயே சொன்னார். குறிப்பெடுக்கிற பெண் பேனாவை நிறுத்தி, இதை எப்படி எழுதுவது என்று தலைவரைக் கேட்டாள். சிறுநீர் என்று எழுதம்மா என்றார் தலைவர். தினமுமா என்று ஒருவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் என்றார் ரொகுசான். தைரிகி கடித்தவருக்குத் தேநீர் மூக்கில் ஏறி, பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. குஷிதா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் லாயத்தில் முப்பத்திரண்டு வருஷம் என்ன வாடை அடித்தது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்ததுபோல ஒரு முகம். அது மட்டும் கலப்படமில்லாத பொய்.

டாக்டர் நாரஹாராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று, நடக்கக்கூடியதுதான், இதனால்தான் பன்னிரண்டு நாளாகியும் மருந்து போகவில்லை என்றார். தைரிகி பிழைத்தது என்று நான் மூச்சுவிட்டேன். அந்த மனிதர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஆனா ஒண்ணு இடிக்குதுங்க," என்றார். "ரெண்டு மாத்திரை போடற ஆளோட மூத்திரத்தால குதிரைக்கு இந்த அளவு வராது. குறைஞ்சது நாலு மாத்திரை இருக்கணும். இல்லைன்னா வாய் வழியாவும் கொடுத்திருக்கணும்."

அறை மறுபடி இறுகிவிட்டது. தலைவர் ரொகுசானைப் பார்த்தார்.

"எத்தனை மாத்திரை?"

ரொகுசான் தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். பார்க்கவே இல்லை.

"நாலு," என்றார்.

"டாக்டர் எழுதினது ரெண்டுதானே. மத்த ரெண்டு?"

நான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். நாற்காலி பின்னால் கிரீச்சிட்டது, எல்லாத் தலையும் திரும்பியது, என் வாய் திறந்துவிட்டது. ரொகுசான் திரும்பி, குதிரையிடம் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"ஃபுசாயே, உக்காரு. ரொம்ப நேரம் நின்னா உன் முழங்கால் கேக்காது."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "போன வருஷம் பஸ்ஸில ஒரு ஆள் வித்தான். பேரு கேக்கல. நிறைய வாங்கி வெச்சிருந்தேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

உட்காராமல் இருந்திருக்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது என்பதும் உண்மைதான். தலைவர் அரைமணி நேரத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். குதிரைமேல் குற்றமில்லை. லாயத்தை அசுத்தம் செய்ததற்கும், சீட்டில்லாத மருந்தை லாயத்தில் வைத்திருந்ததற்கும், முதுகை மறைத்ததற்கும் சேர்த்து ரொகுசானின் லைசென்ஸ் ரத்து. அவர் அட்டையை மேஜைமேல் வைத்தார். போட்டோவில் இருபத்தொன்பது வயசு ரொகுசானுக்குத் தலை நிறைய முடி இருந்தது.

வைக்கோலை முழுக்க மாற்றினார்கள். நாலாவது நாள் எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது, டாக்டர் படம் போட்டுச் சொன்ன மாதிரியே. தைரிகி புதிய ஆளைக் கடித்தது, மூன்று வருஷம் இழுத்தது, அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு வண்டிக்குப் போயிற்று. நான் இன்னும் எட்டு வருஷம் அகப்பை பிடித்தேன்.

ரொகுசான் அடுத்த ஊரில் தங்கை வீட்டுக்குப் போனார். மாதம் ஒருமுறை பன்றி இறைச்சிச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் வாயெடுத்தால் டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டுவார். ஆறாவது வருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டார்கள். வருஷக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டீர்களா என்று அங்கே கேட்டார்களாம். சாப்பிட்டேன் என்றாராம். எத்தனை என்று கேட்டதற்கு, டாக்டர் எழுதியதைத்தான் என்றிருக்கிறார். அதை என்னிடம் சொன்னது அவர் தங்கை.

அன்றைக்கு நான் விடவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, கையில் குழாய் மாட்டியிருந்ததால் டெலிவிஷன் பக்கம் அவர் கை போக வழியில்லை என்று பார்த்துக்கொண்டு, சொல்லிவிட்டேன். பாதி என்னுடையது, ரொகுசான். என் கையால் கொடுத்தது. அந்த வெள்ளிக்கிழமையும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் குழாயில் ஓடுகிற தன் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப என்னை எந்தக் குதிரைகிட்ட வேணும்னாலும் விடலாம், ஃபுசாயே," என்றார். "ஒரு ஆபத்தும் இல்ல. பத்து மாசமா ஒரு சொட்டு வரல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார், நானும் சிரித்தேன். செவிலி வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, இரண்டு பஸ் போகும்வரை அழுதேன்.